காக்காய்க்கு வைக்காத படையல்

அந்தப் புத்தகத்தை நான் முதலில் படித்தது வேலைக்காகத்தான். சேலம் அஸ்தம்பட்டியில், கீழே பல் மருத்துவமனையும் மேலே நாங்களுமாக இருக்கும் ஒரு கட்டடத்தில் எங்கள் அலுவலகம். மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். அமெரிக்கப் பள்ளி நூலகங்களுக்குக் கதை படிக்கும் செயலி செய்து தரும் நிறுவனம் ஒன்று எங்கள் வாடிக்கையாளர். குழந்தை பக்கத்தைத் தொட்டால் ஒரு குரல் வாசித்துக் காட்டும். நான் பார்க்க வேண்டியவை இவை: பக்கம் ஒழுங்காகப் புரள்கிறதா, குரலும் எழுத்தும் சேர்ந்து ஓடுகின்றனவா, படம் உடைகிறதா, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் விழுகிறதா. கதையைப் படிப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அவர்களுடைய தொகுப்பில் ஒரு தனி அலமாரி இருந்தது. மெக்சிகோவிலிருந்தும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளிலிருந்தும் அமெரிக்காவுக்கு வந்த குடும்பங்களை லத்தீனோ என்கிறார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அவை. நடுநடுவே ஸ்பானிஷ் சொற்கள் வரும். சில எழுத்துகளுக்குத் தலையில் நெளிகோடு இருக்கும், சிலவற்றுக்குச் சாய்கோடு. பழைய கருவிகளில் இந்த எழுத்துகள்தான் கட்டமாக விழுந்துகொண்டிருந்தன. எந்தப் பக்கத்தில் எது விழுகிறது என்று குறித்துக்கொண்டே போனவள் ஒரு கதையின் நடுவில் குறிப்பதை நிறுத்திவிட்டேன்.

டெக்சாஸில் ஒரு சிற்றூர். பதினொரு வயதுப் பெண். நவம்பர் இரண்டாம் தேதி குடும்பம் மொத்தமும் கல்லறைக்குக் கிளம்புகிறது. வாளி, துடைப்பம், சுண்ணாம்பு, கூடை நிறையச் செண்டுமல்லி. தாத்தாவின் கல்லறையை அவள் தேய்த்துக் கழுவுகிறாள். மெழுகுவர்த்தியை யார் கொளுத்துவது என்று தம்பியோடு சண்டை போட்டு ஜெயிக்கிறாள். கொளுத்தியதைக் காற்று அணைக்கிறது. அத்தை ஒரு தகர டப்பாவை வெட்டி வளைத்து மறைப்பு வைக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் கொட்டாங்குச்சி வைப்போம்.

பக்கத்து மேசையில் இருந்த குழுத்தலைவர், பெரிய பிழை எதையோ பிடித்துவிட்டேன் என்று நினைத்து எட்டிப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். தினமும் சேலத்திலிருந்து பேருந்தில் போய் வருகிறார். அம்மா ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். முதல் நாளே அப்பா கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் வெட்டி, வெள்ளையடித்துவிட்டு வருவார். மறுநாள் சாயங்காலம் எல்லோரும் போவோம். செண்டுமல்லி இதழ்களை உதிர்த்துச் சிலுவை வடிவில் பரப்புவது என் வேலை. பெரும்பாலும் மழை தூறும். மெழுகுவர்த்தியைக் கொட்டாங்குச்சிக்குள் நிற்கவைத்துக் காப்பாற்றுவோம். பங்குத்தந்தை ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளிப்பார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் கிடைப்பார்கள். கல்யாணப் பேச்சு, வேலைப் பேச்சு, சுண்டல், பலூன்காரர். எனக்கு அது கிறிஸ்துமஸை விடப் பிடித்த நாள்.

ஆறாம் வகுப்பில், நான் கொண்டாடிய விழா என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் இதைத்தான் எழுதினேன். தமிழ் டீச்சர் நல்லவர். திட்டவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தலையைத் தடவிக்கொடுத்துச் சொன்னார்.

"அது துக்கம் சாமி. விழான்னா சந்தோஷமா இருக்கணும். கிறிஸ்துமஸ் எழுதிக் கொண்டா, கேக்கெல்லாம் வருமில்ல."

எங்கள் வீட்டில் கேக் வாங்கியதில்லை. இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

அதன் பிறகு நான் படித்த கதைகள் எல்லாவற்றிலும் ஒரு தேடல் இருந்தது. அதைத் தேடல் என்று அப்போது சொல்லத் தெரியாது. தமிழ்க் கதைகளில் எங்களைப் போன்றவர்கள் வந்தால் டிசம்பரில் வந்தார்கள், பக்கத்து வீட்டுக்குக் கேக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆங்கிலக் கதைகளில் வீட்டுக்கு வீடு தேவாலயம் போனார்கள், ஆனால் பனி கொட்டியது, புகைபோக்கி இருந்தது, பிள்ளைகளின் தலைமுடி மஞ்சளாக இருந்தது. எண்ணெய் வைத்துப் பின்னிய கறுப்புச் சடையோடு, ரப்பர் செருப்போடு, கையில் மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போகிற பெண் எந்த மொழியிலும் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தபோது அவள் டெக்சாஸில் இருந்தாள். எனக்கு வயது இருபத்தாறு.

புத்தகத்தின் கடைசியில் அதை எழுதிய அம்மையார் தன்னைப் பற்றி ஒரு பக்கம் சொல்லியிருந்தார். சிறுமியாக இருந்தபோது ஊர் நூலகத்தில் அலமாரி அலமாரியாகத் தேடியிருக்கிறார். தன்னைப் போன்றவர்கள் கிடைக்கத்தான் செய்தார்கள். தோட்டக்காரராக, வீடு கூட்டுகிறவராக, சில சமயம் திருடராக. கதையின் சொந்தக்காரியாக ஒரு சிறுமி ஒரு புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் இதை எழுதினேன் என்று முடித்திருந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்து கட்டமாக விழுந்திருந்தது. குறித்து அனுப்பினேன். அடுத்த வாரம் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் என் மனம் அந்தக் கதையை விட்டு வரவில்லை.

அதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை. எனக்குத் தெரிந்தது முறையாக வேலை செய்வது மட்டும். அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் காலையில் உட்கார்ந்து எழுதினேன். எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். பெயர்களை மாற்றக் கூடாது. தொர்த்தீயா என்ற சோள ரொட்டி தொர்த்தீயாவாகவே இருக்க வேண்டும். அதைச் சப்பாத்தி ஆக்கினால் என் கையை வெட்ட வேண்டும். வாசிக்கும் பிள்ளைக்கு ஒரு சொல் புரியவில்லை என்றால், அதற்கு அடுத்த வரியில் அது புரிந்துவிட வேண்டும். ஸ்பானிஷ் சொற்களை எப்படி உச்சரிப்பது என்பதைச் செயலியின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். காலை ஆறரைக்கு எங்கள் வீட்டுச் சமையலறை வரை ஸ்பானிஷ் கேட்டது.

"யாரு பாப்பா அது, உன்னத் திட்டறாளா?" என்று அம்மா கேட்டார்.

நாமக்கல்லில் சிறுவர் புத்தகம் மட்டும் போடும் பதிப்பாளர் ஒருவரைச் சேலம் புத்தகக் காட்சியில் சந்தித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். முன்பு கோழித்தீவன வியாபாரம் செய்தவர். பேத்திக்குப் படிக்கக் கொடுக்க நல்ல தமிழ்ப் புத்தகம் இல்லை என்று கோபப்பட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். நான் கொடுத்த முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டு மறுநாளே தொலைபேசியில் கூப்பிட்டார். பிடித்திருந்தது. அந்த அமெரிக்கப் பதிப்பகத்துக்கு எழுதி அனுமதியும் வாங்கிவிட்டார். முழுதும் எழுதி முடித்து அனுப்பினேன். ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு நேரில் வரச் சொன்னார்.

அவருடைய கடை நாமக்கல்லில் ஒரு முட்டைக் கிடங்குக்கு அடுத்தது. தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். அவர் கேட்ட மாற்றங்கள் மூன்று. அந்தப் பெண்ணுக்கு நம்மூர்ப் பெயர் வைக்க வேண்டும். அட்டையில் அவளைப் பாவாடை சட்டையில் போட வேண்டும். கல்லறை அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும்.

முதல் இரண்டைச் சமாளித்துவிடலாம் என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாவதில் அவர் அசையவில்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. புத்தகம் வாங்குகிறவர்கள் அம்மாக்கள். பிறந்தநாளுக்குக் கொடுக்க வாங்குகிறார்கள். பள்ளிக்கூடங்கள் பரிசளிப்பு விழாவுக்கு வாங்குகின்றன. நம் பக்கத்தில் இழவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் உள்ளே நுழைய மாட்டோம்.

"நீங்களே சொல்லுங்க அம்மணி. சுடுகாட்டுல உக்காந்து சோறு திங்கற கதைய எந்தத் தாயி காசு குடுத்து வாங்குவா?"

சுடுகாடு இல்லை, கல்லறைத் தோட்டம் என்றேன். வாங்குகிறவருக்கு ரெண்டும் ஒன்றுதான் என்றார். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பெண், அவள் பள்ளிக்கூடம், அவள் நாய் என்றார். நாய் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டவும் செய்தார்.

கடையை விட்டு வெளியே வந்தபோது எனக்குக் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்த அத்தியாயத்துக்காகத்தான் அந்த அம்மையார் எழுதினார். அதற்காகத்தான் நான் மொழிபெயர்த்தேன். அது இல்லாமல் அச்சானால், அந்தப் பெண்ணையும் கேக் கொடுக்க அனுப்பியதாக ஆகிவிடும்.

அந்த அம்மையாருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எடுக்கக் கூடாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்பது என் கணக்கு. இரண்டாம் நாள் பதில் வந்தது. தன்னுடைய பதிப்பகமும் இதே அத்தியாயத்தைத்தான் எடுக்கச் சொன்னது, அமெரிக்கப் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று சொன்னது, அன்றைக்குத் தான் சண்டை போட்டதாக எழுதியிருந்தார். ஆனால் என்னுடைய ஊர்ப் பிள்ளைகளைத் தனக்குத் தெரியாது என்றும், அவர்களைத் தெரிந்த நானே முடிவு செய்துகொள்ளலாம் என்றும் முடித்திருந்தார். எனக்குமே என் ஊர்ப் பிள்ளைகளைத் தெரியுமா என்று அப்போதுதான் தோன்றியது. தெரியாததைச் சோதித்துப் பார்ப்பதுதானே என் வேலை.

பதிப்பாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்செங்கோட்டில் ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்திவந்தார். அங்கே அந்த அத்தியாயத்தை மட்டும் வாசிக்கிறேன் என்றேன். பிள்ளைகளோடு அம்மாக்களும் இருக்க வேண்டும் என்றார். எனக்கும் அதுதான் வேண்டும் என்றேன். எது நடந்தால் தோல்வி, எது நடந்தால் வெற்றி என்பதை முன்கூட்டியே பேசிக்கொண்டோம். ஒரு அம்மாவாவது பிள்ளையைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனால் அத்தியாயத்தை எடுத்துவிடலாம். அடுத்து என்ன ஆச்சு என்று பிள்ளைகள் கேட்டால் வைத்துக்கொள்ளலாம். அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

கூட்டம் நடப்பது ரிக் லாரி உதிரிபாகக் கடையின் மாடியில். சன்னலில் மலை தெரியும். இருபது பிள்ளைகள் இருந்திருப்பார்கள். பின்னால் சுவரோரம் அம்மாக்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் ரிக் லாரியோடு வடக்கே போனவர்கள். மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பவர்கள். பதிப்பாளர் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யார் எழுந்து போனாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வாசிக்க ஆரம்பித்ததும் கீழே, பக்கத்துப் பட்டறையில் கம்ப்ரசரை ஓட்டிப் பார்த்தார்கள். மாடியே அதிர்ந்தது. நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த இடைவேளையில், மூலப் புத்தகத்திலிருந்து அச்செடுத்து வந்திருந்த படத்தை மட்டும் காட்டினேன். முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் படத்தின் மேல் கவிழ்ந்து பார்த்துவிட்டு, இவள் அமெரிக்காக்காரி என்றீர்களே, அங்கே எல்லோரும் வெள்ளைக்காரர்கள்தானே என்று கேட்டாள். எல்லோரும் இல்லை, இவள் கொள்ளுத்தாத்தா மெக்சிகோவிலிருந்து வந்தவர் என்றேன். அவள் திருப்தியாகத் தலையாட்டினாள்.

"எங்க சித்தி புள்ளையாட்டவே இருக்கறா."

கம்ப்ரசர் நின்றது. நான் தொடர்ந்தேன். கல்லறைக்குக் கிளம்புகிறார்கள் என்ற வரி வந்ததும் பின்னால் ஒரு அசைவு. நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளி, துடைப்பம், பூக்கூடை. ஒரு அம்மா இன்னொருவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். பதிப்பாளர் காலை மடக்கி வழிவிட்டு உட்கார்ந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. என் குரல் வேகமாவதை உணர்ந்து, வேண்டுமென்றே நிதானமாக்கிக்கொண்டேன்.

கல்லறையைக் கழுவி முடித்ததும் அவர்கள் தாத்தாவுக்குப் பிடித்ததை எல்லாம் எடுத்து வைக்கிறார்கள். காப்பி, இனிப்பு ரொட்டி, சோளமாவில் செய்த தமாலே, ஒரு சின்னக் கோப்பையில் மது. அத்தை ஒரு சிகரெட் பெட்டியை எடுக்கிறாள். அந்தப் பெண்ணின் அம்மா தடுக்கிறாள். டாக்டர் சிகரெட்டே கூடாது என்று சொன்னாரே என்கிறாள். அந்த டாக்டரும் போன வருடம் செத்துவிட்டார், அவர் கல்லறை அடுத்த வரிசையில்தான் இருக்கிறது, அவரையே போய்க் கேள் என்கிறாள் அத்தை.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அம்மாக்களில் ஒருவர்தான். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். முன்னால் இருந்த ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"எங்கூட்ல அப்பாருக்குக் கட்டுப் பீடி வெப்போமுங்க. தீப்பெட்டியும் வெக்கோணும்."

அப்பாரு என்றால் அப்பாவைப் பெற்றவர். அவர் இறந்த திதியிலும் அமாவாசையிலும் அவருக்குப் பிடித்ததை வாழையிலையில் போட்டுக் கும்பிடுவார்கள். அவ்வளவுதான், அறை களேபரமாகிவிட்டது. ஒரு வீட்டில் புரோட்டா, அதுவும் பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் வாங்கினால்தான் ஆகும். ஒரு வீட்டில் மீன் குழம்பு, ஜேடர்பாளையத்து ஆற்று மீனில். ஒருத்தன் எழுந்து நின்று எங்கள் வீட்டில் பிராந்தி என்று அறிவித்தான். உக்கார்றா, மானத்த வாங்காத என்று அவன் அம்மா பின்னாலிருந்து அதட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், அதில் என்ன மானம், எங்கள் மாமனாருக்கும்தான் வைக்கிறோம் என்றார். பிராந்தியை டம்ளரில் வைப்பதா, மூடியைத் திறந்து பாட்டிலோடு வைப்பதா என்று அவர்களுக்குள் பேச்சு வந்தது. தண்ணீர் கலந்தா, கலக்காமலா என்று இன்னொருவர் கேட்டார்.

நான் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். இத்தனை மாதமாக நான் அந்தக் காட்சியை எங்களுடைய கல்லறைத் திருநாள் என்றே நினைத்திருந்தேன். எங்கள் பக்கம் பூவும் மெழுகுவர்த்தியும் உண்டு, சாப்பாடு வைக்கும் வழக்கம் இல்லை. சாப்பாடு வைக்கிற பாதி இவர்களிடம் இருந்தது. அந்த டெக்சாஸ் குடும்பத்தை நாங்கள் ஆளுக்குப் பாதியாக வைத்திருந்திருக்கிறோம்.

அமைதியான பிறகு மறுபடி வாசித்தேன். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, பிரார்த்தனை முடித்துவிட்டு, அவர்கள் சுற்றி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்குகிறார்கள். முதல் வரிசைப் பெண் என் முழங்காலைத் தட்டினாள்.

"காக்காய்க்கு வெக்கலீங்களா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அறை மொத்தமும் என்னைப் பார்த்தது. அவள் எனக்கு விளக்கினாள். முதலில் காக்காய்க்கு வைக்க வேண்டும். காக்காய் வந்து எடுத்தால்தான் தாத்தா வந்து சாப்பிட்டதாக அர்த்தம். எடுக்கும் வரை வீட்டில் யாரும் இலையைத் தொடக் கூடாது. போன அமாவாசைக்கு எங்கள் வீட்டில் மூன்று மணி வரை காக்காய் வரவில்லை, பசி உயிர் போனது என்று ஒருவன் சொன்னான். இவர்கள் பாட்டுக்குச் சாப்பிடுகிறார்களே என்று இன்னொருத்தி கேட்டாள். அம்மாக்களுக்கும் முகம் சரியில்லை. பிராந்திக்காரப் பையனின் அம்மா ஒரு தீர்ப்புப் போலச் சொன்னார்.

"அவரு இன்னும் சாப்புடலையே சாமி. அதுக்குள்ள எப்பிடி இவிங்க வாயில வெக்கறது?"

கல்லறை அவர்களுக்குப் பொருட்டாகவே இல்லை. இறந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதும் குற்றமில்லை. அவர் பசியோடு இருக்கும்போது சாப்பிடுவதுதான் குற்றம். இப்படி ஒரு குறை வரும் என்று என்னுடைய எந்தப் பட்டியலிலும் நான் எழுதி வைத்திருக்கவில்லை. பதிப்பாளரும் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

எனக்கு அடுத்த பக்கம் தெரியும். ஆனால் அதன் பொருள் என்ன என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அழகுக்காக எழுதிய பத்தி என்று நினைத்து, அழகாக மொழிபெயர்த்துவிட்டுக் கடந்து போயிருந்தேன். பக்கத்தைப் புரட்டி வாசித்தேன்.

எங்கிருந்தோ ஒரு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி வருகிறது. வருடா வருடம் அந்த நாளையொட்டி வடக்கேயிருந்து கூட்டம் கூட்டமாக வருகிற பூச்சி. பூக்கூடையைச் சுற்றுகிறது, தம்பியின் தலையில் உட்காரப் பார்க்கிறது, கடைசியில் தாத்தாவின் காப்பிக் கோப்பை விளிம்பில் இறங்கி இறக்கையை மடக்கி உட்காருகிறது. எல்லோரும் கையில் எடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறார்கள். வந்துட்டார் என்கிறாள் அத்தை.

முதல் வரிசைப் பெண் மூச்சை விட்டாள்.

"அவிங்களுக்குப் பட்டாம்பூச்சியாட்டங்குது," என்று திரும்பி மற்றவர்களுக்குச் சொன்னாள்.

அறை ஒத்துக்கொண்டது. அம்மாக்கள் தலையாட்டினார்கள். அந்த ஊரில் காக்காய் இல்லையோ என்னவோ என்று ஒருவர் சொன்னார். வருஷத்துக்கு ஒருக்கா வருகிற பூச்சி என்றால் நம்பிக் காத்திருக்கலாம், காக்காயை நம்ப முடிவதில்லை என்றார் இன்னொருவர். பட்டாம்பூச்சி காப்பி குடிக்குமா என்று விவாதம் தொடங்கியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில், இரண்டாவது வரிசையின் ஓரத்தில் இருந்த ஒரு பெண் வாயைத் திறந்தாள். அதுவரை ஒன்றும் பேசாதவள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில், கத்தோலிக்கர்கள் அணியும் உத்தரியம் என்ற சின்னத் துணிச்சதுரம் தொங்கியது.

"நாங்க நெசமாவே போவோமுங்க. கல்லறைக்கு. பூ வெச்சு, மெழுகுவத்தி கொளுத்தி. இந்தப் புள்ளையாட்டவே."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஆறாம் வகுப்பில் டீச்சர் மாற்றி எழுதச் சொன்ன என் கட்டுரையை அவள் சத்தமாகச் சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அடுத்து என்ன கேட்கப் போகிறார்களோ என்று பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். பீடி வீட்டுப் பெண்தான் கேட்டாள்.

"பட்டாம்பூச்சி வருமா?"

"ஈசல் வரும். மெழுகுவத்திக்கு."

அது ஒரு பெரிய கேள்விக்கு நல்ல பதிலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எத்தனை மெழுகுவர்த்தி, ராத்திரி வரை இருப்பார்களா, அடுத்த முறை நாங்களும் வரலாமா என்று கேட்டார்கள். வரலாம் என்றாள். பிறகு யோசித்து, அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அவள் அம்மா சுவரோரத்தில் இருந்தார். வாங்க சாமி, எல்லாரும் வாங்க என்றார். அவர் கண் நனைந்திருந்தது. என் கண்ணைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

யாரும் எழுந்து போகவில்லை. அத்தியாயம் முடிந்ததும், நாய் எங்கே போனது என்று கேட்டார்கள். நாயைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில் வரும் என்றேன். வாசிங்க என்றார்கள். நான் பதிப்பாளரைப் பார்த்தேன். அந்த அத்தியாயத்தை நான் கொண்டுபோகவில்லை. பிரதி அவருடைய பையில் இருந்தது. அவர் எழுந்து வந்து, அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி நாற்காலிக்குப் போகாமல் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்.

பேருந்து நிலையத்தில் எனக்குச் சேலம் வண்டி கிடைக்கும் வரை கூட நின்றார். பிறகு, அவருடைய அப்பாவுக்கு வருடா வருடம் கோழிக்குழம்பும் ஒரு பொட்டலம் மூக்குப்பொடியும் வைப்பதாகச் சொன்னார். போன திதிக்கு மூக்குப்பொடியை மறந்துவிட்டு, காக்காய் வராமல், மகனை நாமக்கல் முழுக்க அலையவிட்டிருக்கிறார்.

"நாந்தான் அம்மணி, வாங்க மாட்டாங்கன்னு சொன்னவன்," என்றார். "அந்தப் புள்ள பேரு அப்பிடியே இருக்கட்டும். அட்டையில அந்தப் பூச்சியப் போட்டுருவோம்."

பேருந்து கிளம்பி மலையைத் தாண்டும் வரை நான் உட்காரவே இல்லை. இடம் இருந்தது. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

எழுதிய அம்மையாருக்கு நடந்ததை எல்லாம் வரி விடாமல் அனுப்பினேன். காக்காய் விஷயத்தை அவர் பலமுறை படித்தாராம். இருபது வருடமாக இந்தப் புத்தகத்தை வாசித்துக்காட்டி வருகிறேன், என் தாத்தா சாப்பிட்டாரா என்று கவலைப்பட்ட முதல் பிள்ளைகள் உன் ஊர்ப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தார்.

அடுத்த புத்தகக் காட்சிக்கு எங்கள் புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் பின்னல் சடையோடு அவள், அவளுடைய சொந்தப் பெயர், காப்பிக் கோப்பையில் அந்தப் பூச்சி. அலுவலகம் முடிந்து சாயங்காலங்களில் நானும் கடையில் நின்றேன். ஒரு நாள், பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா மகளோடு வந்து பக்கங்களைப் புரட்டினார். கல்லறைப் படம் வந்ததும் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தார். பிறந்தநாளுக்கு வாங்குவதாகவும், வேறு காட்டும்படியும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பதிப்பாளர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். வேறு புத்தகத்தை எடுக்கவில்லை. அதே புத்தகத்தை எடுத்து, அதே பக்கத்தைத் திறந்து, அந்த அம்மாவின் கையில் கொடுத்தார்.

"ஏனுங்க, உங்கூட்ல பெரியவங்களுக்கு அமாவாசைக்கு என்ன வெப்பீங்க?"

அந்த அம்மா திகைத்தார். பிறகு, அதிரசம் என்றார். மாமியாருக்கு அதிரசம், மாமனாருக்கு வெற்றிலை.

"இவிங்க தாத்தனுக்குக் காப்பி வெக்கறாங்க. வந்தாரா இல்லையான்னு படிச்சுப் பாருங்க."

அந்த அம்மா நின்றபடியே படித்தார். மகள் கைக்கு அடியில் நுழைந்து கூடவே படித்தாள். பக்கத்தைப் புரட்டும் இடத்தில் மகள்தான் முந்திக்கொண்டாள்.